மூன்று தடவை கூப்பிட வேண்டும்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். என் பிள்ளை மேல் ஆணை, இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த வீடு அது. ஏழு வருடமாகச் சாத்திக் கிடந்தது. இருந்ததையெல்லாம் போட்டு எடுத்துவிட்டேன். ஆனால் பழைய வீட்டுக்காரம்மா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. கோர்ட் அமீனா வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று நாள், நாளுக்கு மூன்று தடவை. பதில் வராவிட்டால்தான் வில்லங்கம் தீர்ந்து வீடு என் பேருக்கு வரும். பதில் வந்தால் வருடக்கணக்கில் வழக்கு. மனைவிக்கோ நிறைமாதம். வாடகை வீட்டைக் காலி செய்ய அந்த வாரமே கடைசி. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

முதல் நாள், காலை 11.10. அமீனா கூப்பிட்டார். பதில் இல்லை. உள்ளே மட்டும் ஏதோ தரையில் இழுபட்டது... சரக்... சரக்...

"எலி சார்," என்றார்.

இரண்டாம் நாள், அதே 11.10. சரக்... சரக்... சத்தம் வாசல் பக்கம் நெருங்கியிருந்தது. அமீனா எலி என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. வெளியே பூட்டே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது...

முதல் அழைப்பு. சரக்...

இரண்டாவது. கதவின் அடியில் யாரோ பிறாண்டினார்கள்.

"போதும் சார், விட்டுடுங்க!"

"மூணு தடவை கூப்பிடலைன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். பரவால்லையா?"

வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது.

"இருக்கேம்பா..."

வயதான குரல். என் முழங்காலுக்கும் கீழேயிருந்து.

மணி 11.14.

அமீனாவின் கையைப் பிடித்து அழுதேவிட்டேன். "கேக்கலைன்னு எழுதுங்க சார். உங்க கால்ல விழறேன்."

"கதவு திறக்கலைன்னா பதில் இல்லைன்னுதான் எழுதுவோம்." எழுதினார்.

வீடு என் பேருக்கு வந்தது. கதவை உடைத்தோம். கதவை ஒட்டி உள்ளே எலும்புக்கூடு... தொடை எலும்பு முறிந்திருந்தது. விழுந்து, எழ முடியாமல், வாசல்வரை ஊர்ந்து வந்திருப்பார் என்றார் டாக்டர். ஏழு வருடம் இருக்குமாம்.

பத்திரத்தோடு பழைய ஃபைலும் கைக்கு வந்தது. அதில் ஏழு வருடத்துக்கு முந்தைய, வரி பாக்கிக்கான கோர்ட் நோட்டீஸ். பின்பக்கம் ஒரு குறிப்பு: "காலை 11.10. மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை." கீழே அதே அமீனாவின் கையெழுத்து.

ஓடிப்போய்க் கேட்டேன். "அன்னிக்கும் குரல் கேட்டுச்சா?"

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"கதவு திறக்கலையே சார்..."