கண்ணீர் வராமல் செய்த ஜெபம்

ஒரு குழந்தை தாகத்தோடு என் கண்ணெதிரே செத்துப்போனது. தண்ணீர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால், சகோதர சகோதரிகளே, வெட்கத்தை விட்டு முதலில் இதையே சொல்கிறேன்.

நான் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் நம் காலனியில் பிறந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் நடவு, களை என்று கூலிக்குப் போனவர்கள். நான் மிஷன் உதவியால் நர்ஸ் படித்தேன். 1977-இல், ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டிலுள்ள ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்ய நர்ஸ் வேண்டும் என்று சபையில் கேட்டார்கள். கை தூக்கினேன். பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அங்கே ஒரே ஒரு டாக்டர், அவரும் வெளிநாட்டு அம்மா. நோயாளியின் சொந்தக்காரர்கள் வெளியே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொள்வார்கள். மறு வருஷம் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. வாங்கிவர ஜீப்பில் டவுனுக்குக் கிளம்பிய டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "பாட்டில் வரும்வரை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே இரு. நிறுத்தாதே." சரி என்றேன்.

ஒரு பெண்குழந்தை. இரண்டு வயதிருக்கும். முதல் ஸ்பூனைக் கக்கிவிட்டது. நான் நிறுத்திவிட்டேன். நம் பக்கத்தில் பேதி என்றால் பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்ணில் காட்டமாட்டோம். வயிறு காய்ந்தால்தான் பேதி நிற்கும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். நர்ஸ் படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. அந்தத் தாய் "மாஜி, மாஜி" என்று என் கவுனைப் பிடித்து இழுத்தாள். மாஜி என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர். பொறு, பாட்டில் வரட்டும் என்று கை காட்டினேன். மறுநாள் காலையில் ஜீப் வந்தது. குழந்தை அதற்கு முன்பே போய்விட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. "கக்கினால் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அன்றோடு நான் மரத்துப்போனேன். அழவில்லை. ஊசி போட்டேன், கட்டுக் கட்டினேன், யார் முகத்தையும் பார்க்கவில்லை. முழங்கால் போடுவேன், ஒரு வார்த்தை வராது. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. சொன்ன காலம் முடிவதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன். நீங்கள் சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள். தலைவலி என்று பொய் சொன்னேன்.

அந்தக் கார்த்திகையில் விடாத மழை. என் தங்கை எஸ்தரின் மகன் சாமுவேலுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனுக்கு வாந்திபேதி கண்டது. போய்ப் பார்த்தேன்.

"காலைலருந்து எட்டு வாட்டி போயிட்டான்க்கா. கண்ணு உள்ள போயிடுச்சு, பாரேன்" என்று எஸ்தர் அழுதாள்.

வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. உடம்பில் நீர் வற்றிப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தம், எனக்குத் தெரியும். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி பார்க்கப் போன அவள் புருஷன் தேவராஜ் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான்.

"பஸ் இல்லக்கா. ஏரி ரொம்பி ரோட்டு மேல இடுப்பளவு தண்ணி ஓடிக்கினு கீது. புள்ளய தூக்கினு தாண்ட முடியாது."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஜெபித்தேன் என்று சொல்லக்கூட கூச்சமாக இருக்கிறது. ரேஷன் கடை ஜன்னலில் கேட்பதுபோல் கேட்டேன். "ஆண்டவரே, உம்மிடம் கேட்க எனக்கு முகமில்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டில் சலைன் அனுப்பும்." அவ்வளவுதான். கண்ணீர் இல்லை. வருமென்ற நம்பிக்கையும் இல்லை.

பாட்டில் வரவில்லை. நான் எழுந்து அடுப்பண்டை போனேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. எழுப்பியவர் யாரென்று தெரியும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கினேன். எஸ்தர் ஓடி வந்து டம்ளரைப் பிடித்தாள்.

"இன்னாக்கா பண்ற? தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு உனுக்குத் தெரியாதா?"

"அப்படி நெனச்சுத்தான் அங்க ஒரு புள்ளய சாவ வுட்டேன்" என்றேன்.

அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள். டம்ளரை விட்டுவிட்டாள்.

அந்தத் தண்ணீர் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது, அதுதான் டாக்டரம்மா சொன்ன அளவு. நான் அழுது எத்தனையோ மாதம் ஆயிற்று. டம்ளரை அவளிடமே நீட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ருசி பார்த்து, "சரியா கீதுக்கா" என்றாள்.

முதல் ஸ்பூனைக் கக்கினான். என் கை நின்றது. கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட பத்து நிமிஷம் கிடையாது. மறுபடியும் ஒரு ஸ்பூன். உள்ளே போயிற்று. இன்னொன்று. மத்தியானம் முழுவதும் ஸ்பூன் ஸ்பூனாக, நானும் எஸ்தரும் மாறி மாறி. விளக்கு வைக்கிற நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது.

"அக்கா! ஒண்ணுக்கு வுட்டுட்டான்! பொடவையெல்லாம் ஈரம்!"

"வுடட்டும் வுடு" என்றேன். உடம்பில் நீர் தங்கிவிட்டது, பிள்ளை பிழைத்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் பசித்தது. எஸ்தர் ஊற்றிய கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அடுத்த வருஷமே அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய் நான்கு வருஷம் இருந்தேன். அந்தத் தாயைத் தேடினேன், மன்னிப்புக் கேட்க. ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்றார்கள். அந்த வலி இன்னும் இருக்கிறது, அதை மறைத்துச் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் வார்டுக்கு வந்த ஒவ்வொரு தாயின் கையிலும் ஸ்பூனைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெலத்தைக் கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது இன்று மரத்துப்போய் உட்கார்ந்திருக்கலாம். ஜெபம் வரவில்லையே, நமக்குக் கேட்க அருகதை இல்லையே என்று இருக்கலாம். கண்ணீர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிறபடியே கேளுங்கள். அவர் கேட்டாரா என்று சந்தேகமாக இருந்தால் முன்வரிசையைப் பாருங்கள். நான் சொல்வது எதையும் காதில் வாங்காமல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் சாமுவேல்.