காபி வந்திருக்காங்க

தென்கொரியாவின் தேஜோன் நகர நாளிதழ் ஒன்றில் திங்கட்கிழமைதோறும் பத்தி எழுதுகிறவர் பியோ இன்ஹோ. கொரியர்களாகிய நாம் யார், எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இருபது வருடமாக அவருடைய கவலை. ஆனால் அவர் எழுதிய எதுவும் இந்த ஒரு பத்தி அளவுக்கு ஊரைச் சிரிக்க வைத்ததில்லை.

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் பொருளுக்கும் மரியாதை சேர்த்துப் பேசுவதைக் கிண்டல் செய்திருந்தார். "'காபி வந்திருக்காங்க' என்கிறாள் கடைப்பெண். காபிக்கு நான் எழுந்து குனிந்து வணங்க வேண்டுமா? தாய்மொழி தெரியாதவர்களிடம் மொழி சிக்கிக்கொண்டது."

அந்த வாரம் அக்கா சுக்ஜா அனுப்பும் கிம்ச்சி ஊறுகாய் டப்பா வரவில்லை. ஞாயிறு தவறாமல் வருவது. போன் செய்தால் எடுக்கவில்லை. ரயில் நிலையத்துக் காபிக்கடையில் அவள் வேலை பார்க்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிளம்பிப் போனார்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அவருடைய பத்தி, படத்தோடு ஒட்டியிருந்தது. மேலே மேலாளர் சிவப்பில் எழுதியிருந்தார்: இனி யாரும் இப்படிப் பேசக் கூடாது.

வரிசையில் மூன்றாவதாக நின்றார்.

"உங்க காபி வந்திருக்குங்க," என்றாள் சுக்ஜா, முதல் ஆளிடம்.

"வந்திருக்கா?" அந்த ஆள் குரலை உயர்த்தினான். "நான் என்ன உன்கூடப் படிச்சவனா? மரியாதையாப் பேசத் தெரியாது?"

அறுபதை நெருங்கும் அக்கா இரண்டு முறை குனிந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். காபி வந்திருக்காங்க."

"அப்படிச் சொல்லு!"

'அவங்க முதல்ல சொன்னதுதான் சரி, அத எழுதினவன் நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்ஹோவின் கை தானாக முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டது. சுவரில் இருந்த படத்தை வைத்து யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற பயம்.

அவர் முறை வந்தது. கண்ணைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"அந்த ஆள் கத்தறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

அவள் தலையாட்டினாள்.

"உன்ன நெனச்சு எழுதலக்கா."

"தெரியும்டா. எங்கள யாரு நெனச்சு எழுதறாங்க?" கோப்பையைத் துடைத்தாள். "தப்புன்னு தெரியாமலா பேசறோம்? காபிக்கு மரியாதை குடுத்தா மனுஷன் திட்டாமப் போறான். அவ்வளவுதான். சீக்கிரம் சொல்லுங்க சார், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அந்த 'சார்' அவரைச் சுட்டது.

"கறுப்புக் காபி," என்றார்.

அக்கா கோப்பையைத் தள்ளினாள். "காபி வந்திருக்காங்க."

இன்ஹோ முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்தார். நிமிர முடியவில்லை.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் அக்கா.