கழுவிக் கவிழ்த்த கோப்பை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தாராவியில் தோல் பதனிடும் வேலை; சுண்ணாம்பில் வெந்த விரல்கள் பேனாவுக்குச் சரியாக வளைவதில்லை. எழுத்து கோணியிருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

என் மகள் மாதுங்காவில் ஹைஸ்கூலில் படிக்கிறாள். போன வருஷம் அங்கே தாய்மார்களுக்கு ஒரு டீ விருந்தும், பிறகு பிள்ளைகளின் நாடகமும் வைத்தார்கள். நாடகத்தில் அவளுக்கு ராஜா வேஷம்.

"யம்மா, நீ முன்னால உக்காரணும். நான் மேடையிலேருந்து ஒன்னையத் தேடுவேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சபையில எனக்கு உக்காரத் தெரியாதுட்டி" என்றாள் என் மனைவி. ஆனாலும் கல்யாணப் புடவையைத் துவைத்து மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ரயில் பாலம் தாண்டி அவள் தனியாகப் போனதில்லை. அதனால் துணைக்கு நானும் போனேன். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. முற்றத்து ஓரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டேன். தாய்மார்கள் முற்றத்திலேயே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாணவிகள் பீங்கான் கோப்பைகளில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். என் மனைவி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்துகொண்டு குடித்தாள்.

குடித்து முடித்ததும் எழுந்து நேராகக் குழாய்க்கு வந்தாள். சாம்பல் தொட்டுக் கோப்பையைத் தேய்த்துக் கழுவினாள். மற்ற சாமான்களோடு சேராமல், தனியாக, சுவர்மேல் கவிழ்த்து வைத்தாள்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் ஜனத்துக்கென்று தனிக் குவளை உண்டு. வாசலுக்கு வெளியே நின்று குடித்துவிட்டு, நாங்களே கழுவித் தள்ளிக் கவிழ்த்து வைக்கவேண்டும். பம்பாய்க்கு வந்து பதினைந்து வருஷமாகியும் அவள் வெளியிடத்தில் டீ குடித்ததே இல்லை. அன்றுதான் முதல் தடவை. கை தானாகப் பழைய வேலையைச் செய்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் அம்மாள் தன் கோப்பையோடு வந்துவிட்டாள்.

"புதுசா நல்ல பாயியா பிடிச்சிருக்கா போலிருக்கே! பீங்கான் என்னமாப் பளபளக்கறது பாருங்கோ! இந்தாம்மா, இதையும் அலம்பி வை."

பம்பாயில் வீட்டுவேலைக்காரியைப் பாயி என்பார்கள். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டுத் தட்டாக வந்தது. நான் இரண்டு எட்டு முன்னால் போனேன். அந்த அம்மாள் திரும்பி, "நீ யாருப்பா?" என்று கேட்டாள்.

"வேலைக்கு வந்தவன்ம்மா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் அது வந்தது. இன்னார் மகள் என்று தெரிந்தால் என் பிள்ளையை அங்கே எப்படி நடத்துவார்களோ என்று பயந்தேன் என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அதைக்கூட நினைக்கவில்லை.

மணி அடித்தது. தாய்மார்கள் எல்லாரும் நாடகம் பார்க்க உள்ளே போனார்கள்.

"போட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"வாங்கி வச்சாச்சு, பாதியில எப்படிங்க போறது? அஞ்சு நிமிசத்துல முடிச்சுருதேன்."

ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலையா அது? உள்ளே கைதட்டல் கேட்டது. சாம்பல் கையோடு அவள் சிரித்தாள். "நம்ம பிள்ளைக்குத்தாங்க தட்டுதாங்க!"

கடைசிக் கோப்பையைக் கவிழ்த்தபோது கூட்டம் கலைந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

மகள் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்றாள். கரியால் வரைந்த மீசை அப்படியே இருந்தது. தலையில் கிரீடம் இல்லை. பாலம் ஏறினோம். என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"ராசாவாட்டமே இருந்தட்டி. என்னா கைதட்டு!"

"நான் மேடைக்கே போவலம்மா."

என் மனைவி நின்றுவிட்டாள்.

"மணி அடிக்க முந்தியே, முத்தத்து நாற்காலியில ஒன்னையக் காணலன்னு தேடி வந்தேன். கிரீடத்த இன்னொருத்தி தலையில வச்சுட்டு, நீ கழுவி முடிக்கிற வரைக்கும் சன்னல் பக்கத்துலயே நின்னேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க வேலைக்கு வந்தவன்னு சொன்னப்பவும் அங்கதான் நின்னேன், யப்பா."

கீழே ரயில் போவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"வந்து அம்மான்னு கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் கால் வரல" என்றாள். அப்போதுதான் அழுதாள். மீசை கரைந்து கழுத்துவரை ஒழுகியது. என் மனைவி முந்தானையால் துடைத்துவிட்டாள். கல்யாணப் புடவையில் அந்தக் கரி இன்னும் போகவில்லை.

இந்த வருஷ அழைப்பு நேற்று வந்தது. மகள் அதைத் தாயின் கையில் கொடுத்தாள். என் மனைவி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடிச்சுட்டுக் கோப்பைய எங்கட்டி வைக்கணும்?"

"நாற்காலிக்குப் பக்கத்துலயே வச்சுரும்மா. எடுக்க ஆள் வரும்."

"அப்பச் சரி. வாரேன்."

நானும் துணைக்குப் போகிறேன். யாராவது கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று நேற்றிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நான் இந்தப் பிள்ளையின் அப்பா, அங்கே உட்கார்ந்திருப்பது என் சம்சாரம். இவ்வளவுதான். வாய்க்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அதனால் முதலில் எழுதி வைத்தேன்.

1949 மார்ச் மாதம் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.