பறக்கத்துள்ள கை

கல்முனையிலுள்ள அந்த அலுவலகத்தில் ஏதாவது ஒரு மெஷின் நின்றுபோனால், ஏன் நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை. உடனே வாய் திறந்து கூப்பிடுவார்கள். "இஹ்ஸான், இஞ்ச ஒருக்கா வாங்க. இது மௌத்தாப் போச்சு!" இஹ்ஸான் போய்ப் பார்த்தால் செத்தது ஒன்றுமில்லை. காலையில் கூட்டியவர் விளக்குமாற்றால் தட்டிவிட்ட வயர் சுவரிலிருந்து கழன்று கிடக்கும். அவர் குனிந்து செருகுவார். வெளிச்சம் வரும். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைப்பார்கள், ஏதோ பெரிய ஒப்பரேஷன் முடிந்தது மாதிரி.

அவருடைய பதவிக்குத் தகவல் தொழில்நுட்ப உதவியாளர் என்று நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. அதை முழுதாக உச்சரித்தவர் அந்தக் கட்டடத்தில் எவருமில்லை. கொம்பியூட்டர் பார்க்கிறவர், அவ்வளவுதான். கொம்பியூட்டரோடு விட்டார்களா? போட்டோகொப்பி மெஷின், கூட்டத்துக்கு மைக், பணிப்பாளரின் கைபேசி, பணிப்பாளர் வீட்டம்மாவின் கைபேசி, வாசலில் கைரேகை வைக்கும் பெட்டி, ஒருமுறை கிணற்று மோட்டர். வயர் என்று ஒன்று இருந்தால் அது இஹ்ஸானின் தலையில்தான்.

தட்டச்சு செய்யும் கலாராணி மாதத்தில் பாதி நாள் தன் கொம்பியூட்டருக்குள் போக முடியாமல் வெளியே நிற்பார். விசைப்பலகையைத் தமிழில் விட்டுவிட்டு ஆங்கிலக் கடவுச்சொல்லை அடித்துக்கொண்டிருப்பார். "என்ன இது என்னோட கோவமா?" என்பார். தலைமை எழுதுநர் மிஹ்லார் இன்னும் ஒரு படி மேலே. பிரின்டர் தாளை இழுக்காவிட்டால் பிஸ்மி சொல்லி, ஏதோ ஓதி, தட்டுக்குள் ஊதுவார். வாயில் வெற்றிலை இருக்கும்போதும் ஊதுவார். அந்தச் சிவப்புப் புள்ளிகளைத் துடைப்பதும் இஹ்ஸானின் கடமைகளில் சேர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இஹ்ஸான் வந்து பக்கத்தில் நின்றாலே பாதி மெஷின்கள் சரியாகிவிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஆட்கள் அவசரப்படாமல் சரியான பொத்தானை அழுத்துவார்கள். அவரும் இதைப் பலமுறை விளக்கிச் சொன்னார். யார் கேட்டார்கள்?

"இவர்ர கையில அல்லாஹ் பறக்கத்த வெச்சிரிக்கான்" என்றார், அங்கே எல்லோருக்கும் அண்ணன் முறையான மிஹ்லார் காக்கா.

"நாங்க அத கைராசி எண்டுவம்" என்றார் கலாராணி.

அன்றிலிருந்து அது அலுவலகத்தின் சொத்தாகிவிட்டது. புதிய மெஷின் எது வந்தாலும் முதலில் இஹ்ஸான்தான் தொட வேண்டும். ஆரம்பத்தில் அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஊர்ப் பள்ளிவாசலில்கூட ஒருவர் கையைப் பிடித்து, "இந்தக் கைதானா?" என்று கேட்டிருக்கிறார். மனிதனுக்கு இதெல்லாம் கசக்குமா?

கசந்தது பிறகுதான். அவருடைய மனைவி றிபாவுக்கு ஆசிரியை நியமனம் புத்தளத்தில் கிடைத்தது. நாட்டின் மேற்குக் கரை. பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் முழுதும் முதுகு உடையும். முதல் நியமனம் என்பதால் பல வருடங்களுக்கு அவள் அங்கிருந்து அசைய ஏலாது. கைக்குழந்தையாக இருந்த மகளையும் தூக்கிக்கொண்டு போனாள்.

இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். இஹ்ஸானும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதில் றிபாவின் வீட்டுக்கு வந்து குடியேறியவர்தான். இப்போது பெண் வீடு இருக்கிறது, பெண் இல்லை. மருமகன் மட்டும் மாமா மாமியோடு மாட்டிக்கொண்டார். தன் உம்மாவின் வீட்டுக்குப் போகலாமென்றால், அது தங்கைக்குக் கொடுத்த வீடு. அங்கே தங்கையின் மாப்பிள்ளை சாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மாமி தங்கமான மனுசி. மருமகன் முகம் வாடக்கூடாதென்று மூன்று வேளையும் மீன் வைப்பார். அதையெல்லாம் தலை குனிந்து தின்ன வேண்டும். அடுப்படிக்குப் போய்த் தானாக ஒரு பிளேன்டி, வெறும் தேநீர்தான், ஊற்றினாலும் மாமிக்கு மனம் நோகும். சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே இடமாற்றத்துக்கு எழுதினார். புத்தளத்தில் இடம் இருந்தது. அங்கே வரச் சொல்லியும் விட்டார்கள். இங்கே விட வேண்டியவர் பணிப்பாளர் ஸலாஹுதீன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். இஹ்ஸானை இருக்கச் சொல்லி, பிளேன்டி வரவழைத்து, மகளின் சுகம் விசாரித்து, பிறகு விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதுவார்: பதிலாள் கிடைத்ததும் விடுவிக்கலாம். ஒவ்வொரு வருடமும் அதே வசனம். மகள் அதற்குள் நடந்து, ஓடி, கதைக்கவும் தொடங்கிவிட்டாள். வாப்பா என்றால் கைபேசிக்குள் இருக்கிற ஓர் ஆள் என்று நினைத்திருந்தாள்.

இந்த வருடம் அல்லாஹ் கண் திறந்தான். அட்டாளைச்சேனையிலிருந்து அஸ்பியா என்றொரு பட்டதாரி நியமனமாகி வந்தாள். கையில் கடிதம், கடிதத்தில் அந்தச் சொல்: பதிலாள். இஹ்ஸானுக்கு அவளை வாசலில் வைத்தே கும்பிடலாம் போலிருந்தது. நமக்கு அது கூடாது என்பதால் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். பணிப்பாளரும் இறங்கி வந்தார். "பிள்ள வேலையப் பழகிட்டா நீங்க போகலாம் இஹ்ஸான். திருகோணமலைக் கூட்டத்துக்குப் போய் வந்து சைன் வெச்சித் தாறன்."

பழகுவதற்கு அஸ்பியாவுக்கு அதிகம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் இஹ்ஸானைவிடக் கெட்டிக்காரி. இஹ்ஸான் ஒட்டுப் போட்டு ஓட்டுகிறவர். அவள் வேரைத் தேடிப் பார்க்கிறவள். வயர்களை ஒழுங்காகக் கட்டினாள். பிரின்டருக்கு மூடி போட்டு மிஹ்லார் காக்காவின் ஊதலுக்கும் முடிவு கட்டினாள். ஆனாலும் ஆட்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். "இஹ்ஸான் இல்லியா?" அவள் சரி செய்த மெஷினையும் இஹ்ஸான் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனால்தான் அவர்களுக்குத் திருப்தி.

"காக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எழும்பி வராதீங்க" என்று ஒருநாள் அஸ்பியா வெளிப்படையாகவே சொன்னாள். "நீங்க வந்து நிண்டா என்னய ஆரும் கணக்கெடுக்காங்க இல்ல."

"வரமாட்டன் புள்ள. சத்தியமா வரமாட்டன்" என்றார் இஹ்ஸான். மனதாரத்தான் சொன்னார்.

பணிப்பாளர் திருகோணமலைக்குப் புறப்படவிருந்த அன்று காலை, புதிதாகக் கிடைத்த மடிக்கணினியில் கூட்டத்து அறிக்கையைத் திறந்தார். தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்து, குழந்தை விசைப்பலகையில் ஏறி விளையாடிய மாதிரி பக்கம் பக்கமாக ஓடியது. அறைக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்ற பூனை ஓடிவிட்டது.

விஷயம் இதுதான். கலாராணி காலம் காலமாக பாமினி எழுத்துருவில் அடிப்பவர். அந்த எழுத்துரு இருக்கிற கொம்பியூட்டரில் அது தமிழ். இல்லாததில் வெறும் கிறுக்கல். நம் அலுவலகங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மெஷினுக்குத் தமிழ் மறந்துபோய்விட்டது என்பார்கள்.

அஸ்பியா போய்ப் பார்த்தாள். "சேர், இதுக்கு பாமினியப் போட்டா இஞ்ச மட்டும்தான் தெரியும். அங்க அவங்கட கொம்பியூட்டர்ல திறந்தா மறுகாவும் இப்பிடித்தான் வரும். ஒரு மணித்தியாலம் தாங்க, முழுதையும் யுனிகோடுக்கு மாத்தித் தாறன். எங்க கொண்டு போனாலும் திறக்கும்."

புறப்படுவது மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு. நேரம் தாராளமாக இருந்தது. பணிப்பாளர் முணுமுணுத்துக்கொண்டு சரியென்றார். இஹ்ஸான் தன் மேசையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பென் டிரைவில் பாமினி இருந்தது. ஒரு நிமிட வேலை. இருக்கட்டும், என்று தன்னையே அதட்டினார். இன்னும் ஒரு மணித்தியாலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் மகளின் முகத்தை நேரில் பார்க்கலாம்.

அப்போதுதான் மிஹ்லார் காக்கா கலாராணியிடம் குனிந்து சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். "பாத்தீங்களா? இஹ்ஸான் பேசாம இரிக்கார். ஆள் போகப்போறார் எண்டதும் பறக்கத்தும் போயிட்டு போல."

கலாராணி பாவம் பார்க்கிற மாதிரி இஹ்ஸானின் பக்கம் திரும்பினார்.

போனால் போகட்டுமே! அந்தப் பறக்கத்தால்தானே ஐயா கழுத்தில் கயிறு விழுந்தது! ஆனால் மனம் என்ற கழுதை அப்படி நினைக்கவில்லை. இஹ்ஸானுக்குக் காது சுட்டது. அடுத்த கணம் அவர் பணிப்பாளரின் அறைக்குள் நின்றார். அஸ்பியா "காக்கா, வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பென் டிரைவைச் செருகி, பாமினியை ஏற்றிவிட்டார். கிறுக்கலெல்லாம் மறைந்து, அழகான தமிழ் வரிசை வரிசையாக வந்து நின்றது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பணிப்பாளர். வாசலில் கூடியவர்கள் சிரித்தார்கள். மிஹ்லார் காக்கா தானே சரி செய்த மாதிரி தலையாட்டினார். அஸ்பியா அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். இஹ்ஸானுக்கு அந்த நேரம் இனிப்பாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை, நன்றாகவே இனித்தது.

திருகோணமலையில் கூட்ட மண்டபத்துக் கொம்பியூட்டரில் அறிக்கையைத் திறந்தார்கள். அஸ்பியா சொன்னபடியே ஆயிற்று. பெரிய திரையில், மேலதிகாரிகளுக்கு முன்னால், பக்கம் பக்கமாகக் கிறுக்கல். யாரோ, "இது என்ன பாஷை ஸலாஹுதீன்?" என்று கேட்டுவிட்டார்களாம்.

திரும்பி வந்த பணிப்பாளரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அஸ்பியாவைக் கூப்பிட்டார். "இஹ்ஸான் சரிப்படுத்தித் தந்தத நீங்க மறுகா என்ன செய்தீங்க?" அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. தன் கண்ணாலேயே பார்த்தாரே, இஹ்ஸான் தொட்டதும் தமிழ் வந்ததை!

இஹ்ஸான் தடுமாறிக்கொண்டு உள்ளே ஓடினார். "சேர், அந்தப் பிள்ளையில பிழ இல்ல. பிழ என்னில. அவ சொன்னதுதான் சரி. நான்தான் இடையில பூந்து பாமினியப் போட்டன்."

பணிப்பாளர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "இந்தாப் பாருங்க. அடுத்தவங்கட பிழயயும் தன்ட தலையில போட்டுக்கிற மனிசன். இப்பிடி ஓராள நான் எப்பிடி விடுற? நீங்களே சொல்லுங்க."

"இல்ல சேர், உண்மயாத்தான்..."

"எனக்கு விளங்குது. பிள்ள இன்னும் பழகோணும். இந்த வருசம் பொறுங்க."

விண்ணப்பத்தின் ஓரத்தில் அவர் அதே வசனத்தை எழுதினார். இம்முறை ஒரு சொல் கூடியிருந்தது: தகுதியான பதிலாள் கிடைத்ததும். அஸ்பியாவைக் கடிதம் பதிகிற பிரிவில் உட்கார வைத்தார்கள். அவள் இஹ்ஸானைக் கண்டால் சலாம் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பணிப்பாளர் அந்த வசனத்தை எழுதிய அன்று அந்தியில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு றிபா அழைத்தாள். "மச்சான், சேர் சைன் வெச்சிட்டாரா?"

இஹ்ஸான் எல்லாவற்றையும் கொட்டினார். பணிப்பாளரைத் திட்டினார், மிஹ்லார் காக்காவைத் திட்டினார், பாமினியைக் கண்டுபிடித்தவரையும் விடவில்லை. றிபா கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் மகள் எதையோ கேட்டுச் சிணுங்குவது கேட்டது.

"அஸ்பியா ஒரு மணித்தியாலம் கேட்டவவா?" என்றாள் றிபா.

"ஓம்."

"சேர் ஓம் எண்டாரா?"

"ஓம்."

"அப்ப உங்கள ஆரு கூப்பிட்ட?"

இஹ்ஸான் யோசித்துப் பார்த்தார். பணிப்பாளர் கூப்பிடவில்லை. மிஹ்லார் காக்காவும் கூப்பிடவில்லை, அவர் கலாராணியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அன்று ஒருநாள்தான் அந்தக் கட்டடத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"ஒருவரும் கூப்பிடல்ல" என்றார்.

"மறுகா ஏன் மச்சான் எழும்பின?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஹலோ? மச்சான்? லைன் போயிட்டா?" என்றாள் றிபா.

லைன் போகவில்லை. அவள் மூச்சு விடுவதுகூட அவருக்குத் தெளிவாகக் கேட்டது.