மணியம்மாளுக்கு ஒரு வசனம்கூட இல்லை

மணியம்மாள் அழுது யாரும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயதில் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது நாலு நாள் பேசாமல் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் தறி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். "கல்நெஞ்சுக்காரி" என்று பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒருவாரம் பேசியது. பிறகு அதே தெரு அவளைத் தேடி வரத் தொடங்கியது. காரணம் அவள் கை.

தறியில் நீளவாக்கில் ஏற்றிய ஒரு பாவு நூல் நெய்து முடிந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தால், சாயங்காலத்துக்குள் ஒரு இழை நழுவாமல் முடித்துவிட்டு எழுந்திருப்பாள் மணியம்மாள். மற்றப் பெண்கள் முறுக்கினால் நெய்யும்போது பத்து இடத்தில் அறும். அதனால் கல்யாணக் கூறைப்புடவைக்குப் பாவு ஏற்றினால் தெருவில் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புடவை நெய்து மணமேடைக்குப் போகும்போது மட்டும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். விதவை கை படக்கூடாதாம்! இந்தக் கூத்தை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி கோதண்டபாணி பகலில் நெசவாளி. மற்ற நேரத்தில் நாடக ஆசிரியர். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி, எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கம்பீரம். அவன் பெண்டாட்டி, மகள் காந்தாவுக்கு இரண்டு வயதாகும்போது இறந்துபோனாள். குழந்தையை வளர்த்தது மணியம்மாள். கோதண்டபாணி சீர்திருத்தத்தை வளர்த்தான்.

அறுபத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்குத் தெரு மன்றத்தில் அவன் போட்ட நாடகம் ஒரு விதவையின் கதை. தலைப்பு என்னவோ கண்ணீர் சம்பந்தப்பட்டது. விதவை வேஷம் தபாலாபீஸ் சபாபதிக்கு. மீசையை எடுத்துவிட்டு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் விசும்பினான் பாவம். சீர்திருத்த வாலிபனாக வந்த கோதண்டபாணி கால் மணி நேரம் மூச்சு விடாமல் சமூகத்தைக் கேள்வி கேட்டுவிட்டு, அந்த விதவைக்குத் தாலி கட்டினான். கைதட்டலில் பந்தல் ஆடியது. பெண்கள் பக்கம் மூக்கு சிந்தும் சத்தம். மணியம்மாள் முன்வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கோதண்டபாணி தறிப்பக்கம் வந்து நின்றான்.

"எப்டி இருந்துச்சுக்கா? உன்ன நெனச்சுத்தான் எழுதினேன்."

"என்ன நெனச்சா? ஏன்டா, நான் என்னிக்குடா இப்டி அழுதுக்கினு கெடந்தேன்? முழு நாடகத்துல அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லியேடா! எல்லாத்தையும் நீயே பேசிட்ட."

"அதுக்கா... அவ சோகத்தோட உருவம். பேசினா உருக்கம் கெட்டுடும்."

"கெடட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இழையை எடுத்தாள்.

ஆனால் நாடகம் தெருவைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் அவளிடம் பாவு வேலைக்குச் சண்டை போட்டு முறை கேட்ட பெண்களெல்லாம் இப்போது "ஐயோ, மணியம்மா" என்று முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். எதிரில் வந்தால் சகுனம் பார்த்து ஒதுங்கும் பழக்கத்தையும் அவர்கள் விடவில்லை. ஒதுங்கி நின்று பரிதாபப்பட்டார்கள், அவ்வளவுதான். முன்பைவிட இது எவ்வளவோ மோசம் என்று மணியம்மாளுக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் வைகாசியில் காந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு தென்னேரியில் விவசாயக் குடும்பம். கூறையைப் பெண் வீட்டுத் தறியிலேயே நெய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மணியம்மாள் அரக்குப் பாவைப் பிணைத்தாள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. காந்தா பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, கூறைய நீதான் எங்கையில குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் வாங்கமாட்டேன்" என்றாள். "குடுக்கறேன்" என்றாள் மணியம்மாள். இருபது வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கொடுத்த ஒரே வாக்கு அது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோதண்டபாணி தொண்டையைச் செருமினான். மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாளாம்.

"அவங்க கிராமத்து ஜனங்கக்கா. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்ல, உனக்கே தெரியும். கூறத்தட்டு சுத்தி வர்ற நேரம் மட்டும் நீ சமையல்கட்டுல இரு. அஞ்சு நிமிசம்தான்."

மணியம்மாள் அவனையே பார்த்தாள். "பொண்டாட்டி செத்த நீ எங்கடா நிப்ப?"

"நான் பொண்ணுக்கு அப்பா. வாசல்ல நின்னு வரவேற்கணும்ல?"

அவள் தறிப்பக்கம் திரும்பிவிட்டாள். அக்கா உள்ளே போய் அழுதுவிட்டு, மனசைத் தேற்றிக்கொண்டு, விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று கோதண்டபாணி நிம்மதியாகப் போனான். அவன் எழுதிய நாடகத்தில் அவள் அப்படித்தான் செய்தாள். தான் எழுதியதைத் தானே நம்பிவிட்டான் மனுஷன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மணியம்மாள் தலைக்குக் குளித்து, செங்கல் நிறப் புடவை கட்டிக்கொண்டு, மணமேடைக்கு எதிரே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற தம்பிக்கு அது தெரியவில்லை. கூறையும் தேங்காயும் வைத்த தட்டு, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கப் பந்தலைச் சுற்றி வந்தது. முதல் வரிசைக்கு வந்ததும், தட்டைச் சுமந்து வந்த பெண் மணியம்மாளை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.

மணியம்மாள் எழுந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. கோதண்டபாணி கிண்ணத்தோடு ஓடி வந்தான்.

"அக்கா, உள்ள போக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் நிக்கறேன்."

ஜெயம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "இன்னாமா இது? அறுத்தவ கை பட்ட புடவைய எங்க வூட்டு மருமவ கட்டணுமா?"

"சம்பந்தியம்மா, இதுல நாலாயிரம் இழ இருக்குது. ஒண்ணொண்ணும் இந்த விரல்ல முறுக்கினது. எங்கை படாத இழ ஒண்ணு இருந்தா உருவிக் காட்டுங்க, நான் போறேன்." மணியம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க கட்டியிருக்கற பச்சப் பொடவகூட எங்க தெரு சரக்குதான். பரசுராமன் தறி. போன ஐப்பசில நான்தான் பாவு பிணைச்சேன். நீங்க அதக் கட்டிக்கினு ஆறு மாசமா நல்லாத்தான இருக்கீங்க?"

ஜெயம்மாள் தன் முந்தானையைக் குனிந்து பார்த்தாள். அவள் மட்டுமா? பந்தலில் பட்டு உடுத்தி வந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் புடவையைப் பார்த்தார்கள். மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயத்தோல், எல்லாம் அந்தத் தெருப் புடவைகள். யாராலும் உரித்துப் போட முடியாது.

"என் கை வேணும், நான் வேணாமா?" என்றாள் மணியம்மாள். "பாவம்னு சொல்லி அழவும் வேணாம், ஆகாதுன்னு சொல்லி ஒதுங்கவும் வேணாம். நான் இவள வளத்தவ. வழி வுடுங்க."

வழி விட்டார்கள். மேடையில் காந்தா கையை நீட்டிக்கொண்டு ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். மாப்பிள்ளையும் எழுந்துவிட்டான். அம்மாவைப் பார்க்கவில்லை. தட்டு கை மாறியதும் "கெட்டி மேளம்" என்று எவனோ அவசரக்குடுக்கை கத்த, நாதஸ்வரக்காரரும் ஊதிவிட்டார். ஜெயம்மாள் அன்று மணியம்மாள் பரிமாறிய பந்தியில் உட்காரவில்லை. உட்காராவிட்டால் போகிறாள்.

அன்று பந்தலில் அழுதது ஒரே ஆள். தூணுக்குப் பின்னால், சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, நாடக ஆசிரியர்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சபாபதி அவளைப் பிடித்துக்கொண்டான். மீசை மறுபடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது.

"மணியக்கா, பொங்கலுக்கு அதே நாடகத்த மறுபடி போடச் சொல்லிக் கேக்கறாங்க. நீ சொன்னியே, 'என் கை வேணும், நான் வேணாமா'ன்னு... அத நான் மேடையில பேசிக்கட்டுமா?"

மணியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"நீ எதுக்குப்பா மறுபடி மீசய எடுக்கணும்?" என்றாள். "நானே வந்து பேசறேன்."