கேனுக்குள் போன குழாய்த் தண்ணீர்

நதிகளை உண்டாக்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள், இன்னொருவர் என் அண்ணி. கடவுளுக்காவது மலை, மேகம் என்று சாமான் எல்லாம் இருந்தது. அண்ணிக்குக் கிடைத்தது ஊர்ச் சாக்கடை.

அண்ணிக்குக் கழிவுநீர் ஆலையில் வேலை. ஏரி வறண்டதும், கழிவுநீரைச் சுத்திகரித்து, மறுபடி மறுபடி வடிகட்டி, குடிக்கக் குழாயில் விட்டார்கள். கடைசித் தொட்டியில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பவர் அண்ணி. அவர் சரி என்றால்தான் வால்வு திறக்கும். பேனா மாதிரி ஒரு மீட்டர் எப்போதும் அவர் பையில் இருக்கும். நனைத்தால் உப்பின் அளவைக் காட்டும். வெங்காயம் நறுக்கும் அண்ணன் கண்ணீருக்குக்கூட நீட்டியிருக்கிறார்.

கல்யாணமான குற்றத்துக்காக அண்ணன் குழாய்த் தண்ணீர் குடித்தார். அப்பா கேனை விடவில்லை.

"உன்மேல நம்பிக்கை இருக்கும்மா. தண்ணி மேலதான் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா," என்றுவிட்டு அண்ணி பாத்திரம் கழுவப் போவார். அன்று பாத்திரங்கள் கூடுதலாகச் சத்தம் போடும்.

அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை. அதனால் கேன் பாதியாகும்போதெல்லாம் குழாயில் பிடித்து நிரப்பி வைத்தேன். கொஞ்ச நாளில் கேன்காரர் தண்ணீர் அதில் பெயருக்குக்கூட மிச்சமில்லை.

"தண்ணின்னா இது. தொண்டையில எப்படி இறங்குது பாரு," என்றார் அப்பா. "ஆனா தீரவே மாட்டேங்குதே."

"நல்ல கம்பெனிப்பா," என்றேன்.

நேற்று வேலை முடிந்து வந்த அண்ணி, பழக்க தோஷத்தில் கேன் தண்ணீரில் மீட்டரை நனைத்தார். பிறகு குழாய்த் தண்ணீரில் நனைத்தார். இரண்டுக்கும் ஒரே எண். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கொழுந்தனாரே, உங்க கைவரிசையா?"

"ஏதோ நம்மால ஆனது அண்ணி."

"ஏமாத்திக் குடிக்க வைக்கிற தண்ணியில்ல இது. மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்." குரல் கறார்தான், உதடு மட்டும் சிரிப்பை அடக்கப் பாடுபட்டது.

தப்பித்தேன் என்று நகர்ந்தேன். நான் வேலை பார்க்கும் பஞ்சர் கடையில் நிரப்பிய பாட்டில் தோளில் தொங்கியது. அண்ணி அதை வாங்கி, மூடியைத் திறந்து மீட்டரை விட்டார். எண் எகிறியது.

"இது எந்த ஊர்த் தண்ணி?"

"கடைக் கேன்ல பிடிச்சது."

"தினமும்?"

நான் மறுபடி மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஓ. அப்பாவுக்கு மட்டும்தான் எங்க தண்ணி."

பாட்டிலைச் செடித்தொட்டியில் கவிழ்த்தார். குழாயில் நிரப்பி என் கையில் கொடுத்தார். ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"குடிங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."