வாய் திறவாத இலங்கை இளவரசி

டேனிஷ் நகரமான ரண்டர்ஸின் கோடைச் சந்தையில் என்னைப் பாம்பு இளவரசியாக இருத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சந்தைக் கூடாரங்களை மீட்டுக் காட்டுவது விழாக் குழுவின் ஆசை. எங்களைப் போன்ற அகதிகளுக்குக் குளிர்ச்சட்டை சேர்த்துத் தந்த குழுத்தலைவி, பழைய சுவரொட்டி ஒன்றைப் பெருமையோடு விரித்தாள். அதில் பாம்பு சுற்றிய ஓர் இலங்கை இளவரசி. உண்மையில் அவள் இதே யூலண்டுப் பகுதியில் பால் கறந்த பெண்ணாம். சாயம் பூசிக் கறுப்பாக்கினார்களாம். வாய் திறந்தால் ஊர்ப்பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளைப் பேசவே விடவில்லையாம். சொல்லிச் சிரித்தவள், "உனக்குச் சாயம் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும்" என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை விவாத மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவளிடம் இந்த நாடு கண்டெடுத்த திறமை இதுதான்.

அண்ணை சம்மதிக்கச் சொன்னார். அண்ணியும் பிள்ளையும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். குடும்பத்தை அழைக்கச் சட்டம் இடம் தந்திருந்தும், தமிழரின் கோப்புகள் அமைச்சில் அசையாது கிடந்த காலம் அது. விழாவைத் திறக்க வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் குழுத்தலைவி அண்ணிக்காகக் கதைப்பாள் என்று அண்ணை நம்பினார்.

ரப்பர்ப் பாம்போடு இருந்தேன். பார்க்க வந்த ஒருத்தி என் முன்கையைத் தேய்த்து, விரலில் நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். பால்காரியின் காலத்திலிருந்து இவர்களுடைய அறிவு ஒரு விரற்கடையும் வளரவில்லை.

உறுப்பினர் வந்தார். குழுத்தலைவி பாம்பைப் பற்றியும் கூடாரத் துணியைப் பற்றியும் விளக்கினாள். அண்ணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எழுந்தேன். அவையை வணங்கி, சட்டத்தையும் அண்ணியின் காத்திருப்பையும் அவருடைய கடமையையும் தெளிந்த டேனிஷில் எடுத்துரைத்தேன். பேச்சு முடிந்தால் நடுவரின் தீர்ப்புக்காக அசையாமல் நிற்பது எங்கள் மேடைப் பழக்கம். நின்றேன். உறுப்பினர் கைதட்டினார். "அருமையாகப் பழக்கியிருக்கிறீர்கள்" என்று குழுத்தலைவியைப் பாராட்டிவிட்டு, அடுத்த கூடாரத்துத் தாடிக்காரியைப் பார்க்கப் போனார்.

வீட்டில் அண்ணை சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "உனக்கு மேடை வேணும். எனக்கு என்ர மனிசி வேணும்."

"நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அந்தத் தலைவி அண்ணிக்காகக் கதைச்சவவோ, அண்ணை?"

மறுநாள் குழுத்தலைவி எங்கள் வாசலில் நின்று, இன்றைக்காவது என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லும்படி அண்ணையைக் கேட்டாள். நான் கொண்டுவந்திருந்த பாம்பை அண்ணை சுருட்டி அவள் கையில் கொடுத்தார். தங்கச்சி வரமாட்டாள் என்றார். பிறகு, தன் மனைவியைப் பற்றி உறுப்பினரிடம் சொன்னாளா என்று விசாரித்தார்.

அப்போதுதான் அவள் அண்ணியின் பெயர் என்னவென்று கேட்டாள்.